தொண்ணூற்றிரண்டுக்கு ஒரு குருசு

1

எனக்குப் பயம் ஜாஸ்தி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் அங்கே ஆரணியில் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கெல்லாமா ஒருத்தி பயப்படுவா?" என்று சிரிக்க வேண்டாம்.

ஊரில் இருந்தவரைக்கும் எனக்கு இரண்டே பயம். தெருநாய், அப்புறம் கண்ணமங்கலம் ரோட்டில் ஒரு பஸ் இன்னொரு பஸ்ஸை முந்துகிற அந்த நிமிடம். டென்மார்க்குக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. இங்கே நாய்கள் குரைப்பதில்லை, பஸ்கள் முந்துவதில்லை. அதற்குப் பதிலாகக் காகிதத்துக்குப் பயம் வந்துவிட்டது. அரசாங்கத் தபால் எல்லாம் இங்கே கைப்பேசியில்தான் வரும். 'டிங்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அது கேட்டால் கைப்பேசியைத் தொடவே யோசிப்பேன். நகராட்சி குப்பைத் தொட்டி மாற்றுகிறது என்கிற செய்தியாகத்தான் பாதி நேரம் இருக்கும். ஆனால் திறக்காமல் அது எப்படித் தெரியும்?

இன்று ஜூன் இருபத்தாறு. காலையிலிருந்து டிவியில் பழைய கால்பந்தாட்டம் ஒன்றைத் திருப்பித் திருப்பிக் காட்டுகிறார்கள். 1992-இல் இதே நாளில் டென்மார்க் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. ஆட்டம் நடந்தது பக்கத்து நாடான ஸ்வீடனில், எதிரணி ஜெர்மனி, இரண்டுக்குப் பூஜ்யம். எதிர்வீட்டுக்காரர் வாசலில் கொடி ஏற்றியிருக்கிறார். அந்த வருடத்தைச் சொன்னால் இந்த ஊர்க்காரர்களுக்கு முகமே மாறிவிடும். என் முகமும் மாறும், ஆனால் வேறு மாதிரி.

மூன்று வாரத்துக்கு முன்னால் நான் குடியுரிமைத் தேர்வு எழுதினேன். அதில் இந்தத் தொண்ணூற்றிரண்டு ஒரு கேள்வியாக வந்தது. நான் அதற்கு என்ன விடை போட்டேன் என்பது எனக்கே தெரியாது. முடிவு இந்த வாரம் வந்தாக வேண்டும். அந்த 'டிங்'குக்காகத்தான் விடுமுறை நாளில் அடுப்படியில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

2

தேர்வு எனக்காக இல்லை. என் மகள் தேன்மொழிக்காக.

அவளுக்குப் பதினைந்து முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இங்கேயே பிறந்தவள். ஆனாலும் இந்த நாட்டில் பிறந்துவிட்டால் மட்டும் குடியுரிமை வராது. அப்பாவோ அம்மாவோ வாங்கினால் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் கூடவே வரும். வாங்குகிற முறையும் விசித்திரம். நாடாளுமன்றத்தில் சட்டம் போடுகிறார்கள், அந்தச் சட்டத்தில் நம் பெயரை எழுதுகிறார்கள். விண்ணப்பித்து இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது தவறினால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. நீங்களே கூட்டிப் பாருங்கள். அவளுக்குப் பதினெட்டு ஆகிவிட்டால் அவள் தனியாக, முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்.

எங்க வீட்டுக்காரர் எழுதலாமே என்பீர்கள். மனுஷன் ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று காரை விரட்டி, கேமராவில் மாட்டி, அபராதம் வாங்கினார். அப்படிப்பட்டவர்கள் சில வருடத்துக்கு விண்ணப்பமே போடக்கூடாது. "ஜல்தியா போனேன், அதுக்கா இது?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆக, பாரம் முழுக்க என் தலையில்.

அவளுக்கு என்ன அவசரம் என்றால், கால்பந்துதான். இந்தப் பெண் நடக்கப் பழகியதும் பந்துக்குப் பின்னால்தான். தோழிகளுக்குத் தேன்மொழி வாயில் நுழையாமல் 'டென்னா' என்று ஆக்கிவிட்டார்கள். அது இந்த ஊரில் நிஜமாகவே ஒரு பெயராம். மைதானத்தில் "டென்னா! டென்னா!" என்று கத்தும்போது, யாரோ வெள்ளைக்காரப் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் பேசாமல் இருப்பேன். சென்ற குளிர்காலத்தில் பெண்கள் தேசிய இளையோர் அணிக்கான பயிற்சி முகாமுக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியாளர் அம்மாள் என்னைத் தனியே அழைத்து மிக நயமாகச் சொன்னார்: முகாமில் ஆடலாம், ஆனால் நாட்டுக்காக ஆட வேண்டுமென்றால் நாட்டின் பாஸ்போர்ட் வேண்டும்.

தேன்மொழி காரில் வரும்போது கேட்டாள். "அம்மா, இன்னா சொன்னாங்க?"

அவள் தமிழ் முழுக்க என் வாயிலிருந்து எடுத்தது. அதனால் 'இன்னா' என்றுதான் கேட்பாள், அதையும் டேனிஷ் ராகத்தில். நான் சொன்னேன்.

"அப்போ நீ எக்ஸாம் எழுது."

"எழுதறேன்டி."

"பாஸ் பண்ணுவியா?"

குரூப் ஃபோர் மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் தவறியவள் நான். அதை அவளிடம் சொல்லியதில்லை. "பண்ணிடலாம்" என்றேன்.

3

பாடம் நடத்தியவள் அவள்தான். ஊர் வரலாறு, ராஜா ராணி, கட்சிகள், தீவுகள். கால்பந்தும் வரும் என்று முன்னால் தேர்வு எழுதியவர்கள் சொன்னார்கள். டேனிஷ் எண்கள் இருக்கிறதே, அது மனிதர்கள் கண்டுபிடித்ததுதானா என்று சந்தேகம். தொண்ணூற்றிரண்டு என்பதற்கு அவர்கள் 'இரண்டும் ஐந்தாவதில் பாதியும்' என்கிறார்கள். அதாவது நாலரை இருபது, கூட ஒரு இரண்டு. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"உன் தமிழ் மட்டும் இன்னா?" என்றாள் மகள். "பத்து பத்து தடவை வந்தாத்தான் நூறு. ஆனா தொண்ணூறுலயும் நூறு கீது. ஏன்?"

நாற்பத்தாறு வயது வரைக்கும் தொண்ணூறுக்குள் ஒரு நூறு உட்கார்ந்திருப்பதை நான் கவனித்ததேயில்லை.

அவள் அறைச் சுவரில் ஐரோப்பியக் கோப்பையின் வரலாறு ஒரு பெரிய அட்டவணையாகத் தொங்குகிறது. முதல் கோப்பை 1960-இல், பிரான்சில். இறுதியாட்டத்தில் சோவியத் யூனியன் யூகோஸ்லாவியாவை வென்றது. மூன்றாமிடம் செக்கோஸ்லோவாக்கியா. 1964-இல் ஸ்பெயின் சோவியத் யூனியனை வென்றது. 1968-இல் அரையிறுதி சமமாக முடிந்து, காசைச் சுண்டிப் போட்டு இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்களாம். அங்கே எதிரே யூகோஸ்லாவியா. 1976-இல் செக்கோஸ்லோவாக்கியா கோப்பையையே வாங்கிவிட்டது.

ஒருநாள் துணி மடித்து வைக்கப் போனவள் அந்த அட்டவணையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் பெருக்கல் குறி. சோவியத் யூனியன், யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா. முதல் கோப்பையில் முதல் மூன்று இடம் பிடித்த மூன்று நாடுகளும் இன்றைக்கு வரைபடத்தில் இல்லை. என் மகள் இல்லாமல் போனவர்களுக்குக் குறி போட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்பா இறந்த பிறகு ஆரணி ரேஷன் கடையில் கார்டை நீட்டியபோது, அப்பா பெயருக்குப் பக்கத்தில் இதே மாதிரி சிவப்பில் ஒரு குறி போட்டார்கள். போட்டவர் போட்டுவிட்டுப் பாமாயில் பாக்கெட்டை எடுக்கத் திரும்பினார். தம்பி அந்தோணி பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கல்லறையில்கூட அழாத நான் அங்கே அழுதேன்.

குறி எதற்கென்று கேட்டதற்கு, "அதெல்லாம் நான் மேட்ச் பார்த்த டீம்" என்றாள் தேன்மொழி. "நெட்டுல பழசு கீது. பார்த்து முடிச்சா குருஸ் போடுவேன். சரின்னா குருஸ் தானே போடுவாங்க?"

"சரின்னா டிக் போடுவாங்கடி. பெருக்கல்னா தப்பு."

"இந்தியாவுல."

ஆமாம், இந்தியாவில். இங்கே பள்ளிக்கூடத்திலும் விண்ணப்பத்திலும் வேண்டியதற்குப் பெருக்கல் குறிதான். அதற்கு டேனிஷில் 'குருஸ்' என்று பெயர். இந்த மொழியில் முதல்நாளே எனக்குச் சொந்தமாகத் தெரிந்த ஒரே சொல் அதுதான். எங்கள் வீட்டில் சிலுவையைக் குருசு என்றுதான் சொல்வோம். ஜெபம் தொடங்குமுன் குருசு போடுவோம். வெளியூர் போகிற பிள்ளைக்கு அம்மா கட்டை விரலால் நெற்றியில் குருசு போட்டு அனுப்புவாள். எனக்கு ஆரணி பஸ் ஸ்டாண்டில் போட்டாள். தேன்மொழிக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் நான் போடுவேன். பன்னிரண்டு வயதில் "எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அதோடு நின்றது.

4

நான் வேலை செய்வது முதியோர் இல்லச் சமையலறையில். கூட வேலை செய்பவள் செனாடா. பழைய யூகோஸ்லாவியாவின் பொஸ்னியாக்காரி, என்னைவிட ஆறேழு வயது மூத்தவள், கோபக்காரி, நல்லவள். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே நான் தொண்ணூற்றிரண்டை மனப்பாடம் செய்வதைக் கேட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கதை முழுசாகத் தெரியுமா உனக்கு?"

தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் கோப்பைக்கு டென்மார்க் தகுதியே பெறவில்லை. அந்த இடம் யூகோஸ்லாவியாவுடையது. அங்கே போர் வந்தது, அந்த அணியை வேண்டாம் என்றார்கள். போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டதும் போனார்கள், ஜெயித்தார்கள்.

"எங்கள் பையன்கள் ஸ்வீடனுக்கே வந்துவிட்டார்கள்" என்றாள் செனாடா. "பெட்டியைப் பிரித்துத் துணியெல்லாம் அலமாரியில் அடுக்கியிருப்பார்கள். திரும்பிப் போ என்றார்கள். திரும்பிப் போனால் அங்கே நாடு இல்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அடுத்த வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் எனக்கு ஒரு கட்டில் போட்டார்கள். சுவரில் அந்த அணியின் படம் மாட்டியிருந்தது. எங்கள் இடத்துக்கு அவர்கள் போனார்கள், அவர்கள் இடத்துக்கு நான் வந்தேன். கணக்கு நேர்." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். "உன் பழைய பாஸ்போர்ட்டை என்ன செய்தாய்?"

"அது தானாகச் செத்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. நீதான் உன் கையால் கொடுக்கப் போகிறாய். இரண்டில் எது கஷ்டம் என்று எனக்குத் தெரியாது, மரி."

சகாயமேரி இங்கே மரி. அது போகட்டும். அவள் சொன்னது உண்மை. டென்மார்க் இரண்டு பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும், இந்தியா சம்மதிக்காது. குடியுரிமை கிடைத்தால் நம்முடையதைத் திருப்பித் தர வேண்டும், ரத்து என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். அப்புறம் ஆரணிக்கு வர நான் விசா வாங்க வேண்டும். அம்மா செத்தால், விசா கேட்டுவிட்டு வர வேண்டும். அந்த நினைப்பு வந்தது முதல் எனக்கு மறுபடியும் இரண்டு பயம். தேர்வில் தவறிவிடுவேனோ என்று ஒரு பயம். தேறிவிடுவேனோ என்று இன்னொரு பயம்.

5

தேர்வு ஒரு பள்ளிக்கூடத்தில். அகதியாக வந்தவர்கள், என்னைப் போலக் கல்யாணமாகி வந்தவர்கள், படிக்க வந்து தங்கிவிட்டவர்கள் என்று அறை நிறைய ஆட்கள். தலை நரைத்த கண்காணிப்பாளர் ஒருவர் விதிகளை வாசித்தார். பயத்தில் என் காதில் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் "ஒரு கேள்விக்கு ஒரு குருஸ் போடுங்கள்" என்றார். தெரிந்த சொல் வந்ததும் கை தன்பாட்டுக்கு எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். பிதா சுதன் பரிசுத்த ஆவி. பக்கத்து மேசைப் பெண் என்னையே பார்த்தாள். கண்காணிப்பாளரும் பார்த்தார். எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வெட்கத்தில் குனிந்தவள் தாளின் தலைப்பை வாசிக்கவில்லை.

ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில், குரூப் ஃபோருக்கு நான் படித்த கோச்சிங் சென்டர். அங்கே சார் தினமும் சொல்வார்: "வட்டத்துல வெள்ளை தெரிஞ்சா மெஷின் எடுக்காதும்மா. முழுசா கருப்பாக்கு. கருப்பாக்கிகினே போ." இருபத்திரண்டு வருடம் கழித்தும் கை அதை மறக்கவில்லை. சரியான விடை தெரிந்தது, கட்டத்தைக் கருப்பாக்கினேன். அடுத்தது, கருப்பாக்கினேன். எல்லாம் தெரிந்த கேள்விகள். மகள் ஜெயித்துவிட்டாள் என்று நெஞ்சு நிறைந்தது. முப்பத்திரண்டாவது கேள்வி: ஆண்கள் கால்பந்தில் டென்மார்க் எந்த வருடம் ஐரோப்பியக் கோப்பையை வென்றது? 1984, 1992, 1998. வந்தாயா ராசா என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். கண் தாளின் தலைப்பில் விழுந்தது.

'கட்டத்தில் குருஸ் போடவும். தவறாகப் போட்டுவிட்டால் அந்தக் கட்டத்தை முழுவதும் கருப்பாக்கி ரத்து செய்யவும்.'

முப்பத்தொரு விடை. முப்பத்தொன்றையும் என் கையால் அழகாக, வெள்ளை தெரியாமல், ரத்து செய்து வைத்திருந்தேன்.

கையைத் தூக்கினேன். கண்காணிப்பாளர் வந்தார். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "எல்லாரும் ஃபுல்."

மனிதர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டேனிஷில் 'ஃபுல்' என்றால் நிரம்பியது என்றும் பொருள், குடித்திருப்பது என்றும் பொருள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? "மாமா ஃபுல்லா கீறாரு" என்றால் சாப்பிட்டா ஃபுல்லாக இருக்கிறார்? தெரிந்திருக்க வேண்டும் எனக்கு. தாளை எடுத்துக் காட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது. போய் ஒரு புதுத் தாள் கொண்டுவந்து வைத்தார். "பன்னிரண்டு நிமிடம்" என்றார் மெதுவாக.

முதலிலிருந்து போட்டேன். கை சொன்னபடி கேட்கவில்லை. சரி என்று தெரிந்த விடையின் மேல் பெருக்கல் குறி போட ஆரணிப் பள்ளிக்கூடம் விடவில்லை. ஆறாவது கேள்வியில் பார்த்தால், தப்பான இரண்டுக்கும் பெருக்கல் போட்டுவிட்டு, சரியானதை வெறுமையாக விட்டிருந்தேன். அந்த இரண்டையும் கருப்பாக்கி மாற்றினேன். முப்பத்திரண்டுக்கு வந்தேன்.

இங்கேதான் நான் உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. பேனா நின்றது. ஸ்வீடனில் அலமாரியிலிருந்து துணியை எடுத்துப் பெட்டியில் வைக்கிற அந்தப் பையன்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். முத்திரை குத்தின என் பாஸ்போர்ட் வந்தது. டென்மார்க்கின் சிவப்புச் சட்டையில் வரிசையில் நின்று எனக்குத் தெரியாத பாட்டை வாய்விட்டுப் பாடுகிற தேன்மொழி வந்தாள். பேனா முனை நகர்ந்து எண்பத்து நாலின் மேல் போய் நின்றது. இதைத் தப்பாகப் போட்டால் என்ன, இதற்கப்புறம் எல்லாவற்றையும் தப்பாகப் போட்டால் என்ன, யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். நினைத்தேன், நிஜம்.

"இரண்டு நிமிடம்" என்றார் கண்காணிப்பாளர்.

திடுக்கிட்டு ஒரு குறி போட்டுவிட்டு அடுத்ததற்கு ஓடினேன். எதன் மேல் போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

6

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டேன். அந்தோணி ஆரணியில் பவர்லூம் மெக்கானிக். எப்போது கூப்பிட்டாலும் பின்னால் தறிச்சத்தம் இருக்கும், அவனும் கத்தியே பேசுவான்.

"இன்னாக்கா, கொரலு ஒரு மாதிரி கீது? எக்ஸாம் இன்னா ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் ஃபுல் என்றதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். "கோச்சிங் சாரு இன்னும் அங்கதான் கீறாரு. சொல்றேன் இரு, உங்க புகழு டென்மார்க் வரைக்கும் போயிருச்சுன்னு."

"சிரிக்காதடா. எனக்கு பயமா கீது."

"பெயிலானா இன்னா? மறுபடி எழுது. பேஜார் பண்ணிகினு இருக்காத."

அப்போதுதான் அதைச் சொன்னேன். "பெயிலானா நல்லதுன்னு கூடத் தோணுதுடா அந்தோணி. கார்டுல அப்பா பேரை அடிச்சாங்க பாரு, அந்த மாதிரி என் பேரை அடிச்சிடுவாங்க அங்க. இவ பேரும் போயிடும்."

திரும்பினால், கதவருகே தேன்மொழி. கால் முழுக்கச் சேறு, கையில் ஷூ.

"நீ வேணும்னே தப்பாப் போட்டியா?"

"இல்லடி."

"தொண்ணூத்திரெண்டு போட்டியா?"

போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ஞாபகமில்ல" என்றேன்.

அவள் ஒரு டேனிஷ் சொல் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அன்றிலிருந்து மூன்று வாரம், வீட்டில் ஒரு தமிழ்ச் சொல் பேசவில்லை. பசிக்கிறது என்பது டேனிஷில், குளிக்கப் போகிறேன் என்பது டேனிஷில். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் மரியாதையாகப் பேசினாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி. நாளைக்கு இவள் எப்படி இருப்பாள் என்று இதுநாள்வரை பயந்தேனே, அதை மூன்று வாரத்தில் முழுசாகக் காட்டிவிட்டாள்.

செனாடாவிடம் அழுதேன். "அவள் குரலாவது உன் காதில் விழுகிறதே" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் ஆறுதல் சொல்லத் தெரியும்.

7

மேலே உள்ளதை எழுதி முடித்தபோது டிவியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டாவது கோல். டிங்.

பத்து நிமிடம் கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தேன். அப்புறம் தேன்மொழியே வந்து எடுத்துத் திறந்து, வாசித்து, என் பக்கம் திருப்பினாள். நாற்பத்தைந்துக்கு முப்பத்தெட்டு. தேறிவிட்டேன்.

ஏழு தப்பு. எந்த ஏழு என்று அதில் இல்லை. சொல்லவும் மாட்டார்களாம். தொண்ணூற்றிரண்டு அந்த முப்பத்தெட்டில் இருக்கிறதா, இந்த ஏழில் இருக்கிறதா என்று சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. மகள் முகத்தைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

"நெனைச்சேன்டி" என்றேன். "தப்பாப் போடலாம்னு ஒரு நிமிஷம் நெனைச்சேன். போட்டேனான்னு தெரியல. ஆனா மத்ததெல்லாம் சரியாத்தான் போட்டேன், ஓடி ஓடிப் போட்டேன். எனக்குப் பயம், அதான்."

அவள் அறைக்குள் போனாள். அச்சுப்பொறி ஓடுகிற சத்தம் கேட்டது. ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துப் பேனாவையும் வைத்தாள். விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய உறுதிமொழி. என் பெயர் மேலே. கீழே, கூடவே குடியுரிமை பெறும் பிள்ளை என்ற தலைப்பில் அவள் முழுப் பெயர். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கருப்பாக்கக்கூடாது, இப்போது எனக்குத் தெரியும். குருசு போட வேண்டும்.

பேனாவை எடுத்தேன். என் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி. ரேஷன் கார்டில் போட்ட மாதிரி. அப்பா கல்லறையில் பெயருக்கு மேலே குருசு நிற்கிற மாதிரி. கை நகரவில்லை. அவளிடம் எப்படிச் சொல்வது? இது உன் ஊரில் சரி என்பதற்கான குறி, என் கைக்கு அது வேறு. வெளியே எதிர்வீட்டுக் கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதிலும் ஒரு குருசுதான், சிவப்பில் வெள்ளை.

தேன்மொழி என் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு தலையை என் பக்கம் நீட்டினாள். மூன்று வாரத்துக்கு அப்புறம் முதல் தமிழ்.

"மொதல்ல இங்க போடும்மா. அப்புறம் அதுல போடு."

போட்டேன். முதலில் நெற்றியில், அப்புறம் தாளில். தாளில் இருப்பது கொஞ்சம் கோணல்.